மீன்தொட்டியில் பச்சை நீர்: விரட்டியது, திரும்பி வந்தது, தெளிந்தது

அக்கா வீட்டு மீன்தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 36 உயரம். கணக்குப்படி 65 லிட்டர்; அடியில் கிடக்கும் சரளையையும் மேலே விட்டிருக்கும் இடைவெளியையும் கழித்தால் சுமார் 55 லிட்டர் தண்ணீர் நிற்கும். உள்ளே கப்பி மீன்கள் ஒரு கூட்டம், தரையில் மேயும் கோரிடோராஸ் சில, மூலையில் வாலிஸ்நேரியாப் புதர். பல ஆண்டுகளாகத் தெளிவாக இருந்த தொட்டி. நான் போய்ப் பார்த்தபோது, மீன்கள் முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி நீந்தினால்தான் கண்ணுக்குத் தெரிந்தன. ஒரு விரல் நீளம் உள்ளே போனால் பச்சைக்குள் மறைந்துவிட்டன.

"பாதித் தண்ணீரை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறேன். மறுநாள் பார்த்தால் அதே பச்சை" என்றார் அக்கா.

அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. வெறும் அழுக்காக இருந்தால் பாதித் தண்ணீரை எடுத்ததும் பாதி குறைந்திருக்கும். குறைந்தது குறைந்தபடியே நிற்கும். எடுத்த அளவு மறுநாளே திரும்புகிறது என்றால் உள்ளே இருப்பது வளர்கிறது. குளோரெல்லா போன்ற ஒற்றைச் செல் பாசிகளுக்கு வெளிச்சமும் உணவும் தாராளமாகக் கிடைத்தால் ஒரே நாளில் இரட்டிப்பாகிவிடும். இன்று பாதியை வெளியேற்றினால் மீதிப் பாதி நாளைக்குள் முழுதாகும். முக்கால் பங்கை வெளியேற்றினாலும் கூடுதலாக ஒரு நாள்தான் கிடைக்கும். வாளி தூக்கி இந்தப் பந்தயத்தில் வெல்ல முடியாது.

இருந்தாலும் நிறத்தை மட்டும் பார்த்து வேலையைத் தொடங்குவதில் எனக்கு விருப்பமில்லை. கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்தேன். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அது பாக்டீரியாக் கலங்கல். அதற்கு வெளிச்சம் தேவையில்லை, ஆகவே தொட்டியைத் துணியால் மூடி வைக்கும் இருட்டடிப்பு ஒன்றும் செய்யாது, உணவைக் குறைத்துப் பொறுத்திருந்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். எங்கள் டம்ளரில் ஐயமில்லாத பச்சை. அடுத்து அதை வடிதாளில் ஊற்றினேன். கீழே சொட்டியதும் பச்சையாகவே இருந்தது. இந்தச் செல்கள் 2 முதல் 10 மைக்ரோமீட்டர் அளவுதான்; தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். வடிதாளிலேயே நிற்காதது தொட்டி வடிகட்டியின் ஸ்பாஞ்சில் எப்படி நிற்கும்? வடிகட்டியைக் கழற்றிக் கழற்றிக் கழுவிய அக்காவின் உழைப்பு ஏன் பலிக்கவில்லை என்பது அந்தச் சொட்டுகளில் தெரிந்துவிட்டது.

முதலில் மீன்களின் மூச்சு

மருந்து, விளக்கு, சோதனை எல்லாவற்றுக்கும் முன்னால் விடியற்காலைத் தொட்டியைப் பார்க்க வேண்டும். அன்றிரவு அங்கேயே தங்கினேன். வெளிச்சம் வருவதற்குச் சற்று முன்பு பார்த்தால் கப்பிகள் அத்தனையும் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கோரிடோராஸ் மீன்கள் அடியிலிருந்து விருட்டென்று மேலேறி ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கின. அந்த இனத்துக்குக் குடல் வழியாகவும் காற்றை உறிஞ்சும் திறன் உண்டு; அவ்வப்போது மேலே வருவது இயல்பு. ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தால் கீழே ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள்.

பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரை ஆக்சிஜனால் நிரப்புகிறது. இரவில் அதுவும் மீனைப்போலச் சுவாசிக்க மட்டுமே செய்கிறது. 28 டிகிரி செல்சியஸில் நன்னீர் தன்னுள் வைத்திருக்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. அந்தச் சிறிய கையிருப்பைக் கோடிக்கணக்கான செல்களும் மீன்களும் வடிகட்டியின் பாக்டீரியாவும் இரவு முழுவதும் பங்கிட்டுக்கொள்கின்றன. பச்சைத் தண்ணீர்த் தொட்டிகளில் மீன்கள் விடியற்காலையில் இறந்து கிடப்பது இதனால்தான். மாலையில் பார்க்கிறவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. காற்று பம்ப்பையும் காற்றுக்கல்லையும் உடனே பொருத்தி, இரவும் பகலும் ஓடவிட்டேன். வடிகட்டியின் வெளிவாயை மேற்பரப்பு அலையும்படி திருப்பி வைத்தேன். மறுநாள் விடியலில் கப்பிகள் நடுநீரில் இருந்தன. அதன் பிறகுதான் மற்ற வேலைகளில் கைவைத்தேன்.

சோதனையில் தெரியாத உணவு

சொட்டுத் திரவச் சோதனையில் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் லிட்டருக்கு 5 மில்லிகிராம். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு விடியலில் 7.4, பிற்பகலில் 8.6. ஒரே தண்ணீர், ஒரே நாள். பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. இரவில் எல்லா உயிர்களும் அதை வெளிவிடுவதால் இறங்குகிறது.

"அப்படியானால் தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று அக்கா கேட்டார். அம்மோனியாவும் நைட்ரேட்டும் இவ்வளவு குறைவாக இருக்கும் தொட்டியில் பாசிக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வியாகவும் இருந்தது. ஒரு முறை இடும் உணவின் அளவைப் பத்து முறை அளந்து சேர்த்து எடைபோட்டோம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் வந்தது. டப்பாவில் புரதம் 40 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தது. புரதத்தில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக ஒரு கிராம் உணவில் 64 மில்லிகிராம் நைட்ரஜன். அது முழுவதும் வடிகட்டியின் பாக்டீரியாவால் நைட்ரேட்டாக மாறினால் 280 மில்லிகிராமுக்குச் சற்று மேல். 55 லிட்டரில் அது லிட்டருக்கு 5 மில்லிகிராம், ஒவ்வொரு நாளும். மீனின் உடலில் ஒரு பகுதி தங்கும் என்று கழித்துக்கொண்டாலும், மாற்றும் தண்ணீரோடு போவதைக் கழித்தாலும், சோதனைக் குழாயில் தெரிய வேண்டிய அளவு நாங்கள் கண்ட 5ஐவிட அதிகம்.

காணாமல் போன அந்த நைட்ரஜன் பாசியின் உடலாக எங்கள் கண்ணெதிரே மிதந்துகொண்டிருந்தது. சோதனைத் திரவம் தண்ணீரில் கரைந்திருப்பதை மட்டுமே அளக்கிறது, செல்லுக்குள் கட்டுண்டிருப்பதை அளப்பதில்லை. பச்சைத் தண்ணீரைக் கையாள்கிற எவரும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஏனென்றால் கொன்ற பாசி அழுக அழுக அந்த நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியாவாகத் தண்ணீருக்குத் திரும்பும். பாசி செத்துவிட்டது என்று மகிழும் நாளிலேயே மீன்கள் சாவதற்குக் காரணம் இதுதான்.

ரசாயனப் பாசிக்கொல்லியை நான் தொடாததும் இதனால்தான். அதில் பல வகைகளில் செம்பு இருக்கும். இறாலையும் நத்தையையும் அது விட்டுவைக்காது. கலங்கலைத் திரட்டிக் கட்டியாக்கும் திரவங்களும் விற்கிறார்கள். மீனின் செவுள் வழியாக ஓடும் தண்ணீரில் அப்படிக் கட்டிகள் உருவாவதை நான் விரும்பவில்லை.

தெளிவை அளப்பதற்கு ஓர் அட்டை செய்தோம். அக்கா மகள் மேலிருந்து கீழே வரவரச் சிறிதாகும் எழுத்துகளில் ஆறு வரிகள் எழுதினாள். அதைப் பின்கண்ணாடிக்கு வெளிப்புறம் ஒட்டினோம். எழுத்துக்கும் கண்ணுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் தண்ணீர். 1865இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி, கடல்நீரின் தெளிவை அறிய வட்டத் தட்டை இறக்கி அது மறையும் ஆழத்தை அளந்தார். ஏரிகளில் இன்றும் அந்த முறையே நடக்கிறது. எங்கள் அட்டை அதன் எளிய உறவு. முதல் நாள் மிகப் பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை. அன்றாடம் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குறைகிறதா கூடுகிறதா என்று கண் ஏமாறும். எத்தனையாவது வரிவரை படிக்க முடிகிறது என்பதில் ஏமாற இடமில்லை.

இருட்டு

இருட்டடிப்பு மூன்று நான்கு நாட்களுக்கு. அரைகுறை இருட்டு பயன் தராது. தடித்த கருப்புத் துணியை நான்கு பக்கமும் இரண்டு மடிப்பாகச் சுற்றி, மேற்புறத்தில் காற்றுப் போகும்படி தளர்வாக மூடினேன். காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்தது வேண்டுமென்றே. காற்றுக்கல் நிற்கவே கூடாது. உணவு அறவே இல்லை. நலமாக இருக்கும் வளர்ந்த மீன்களுக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. செடிகளும் தாங்கும், வாலிஸ்நேரியாவின் ஓரிரு இலைகள் வெளிறியதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. மூடுவதற்கு முன் பாதித் தண்ணீரை மாற்றினேன். எடுத்த பச்சைத் தண்ணீரைக் கொட்டாமல் வாளியில் வைத்து டாப்னியா என்னும் சிறு நீர்ப்பூச்சிகளை விட்டோம். அவை ஒற்றைச் செல் பாசியை வடிகட்டித் தின்று, வாளியைத் தெளியவைத்து, பின்னாளில் கப்பிகளுக்கு இரையாயின. கொசு முட்டையிடாமல் இருக்க வாளியின் மேல் வலை கட்ட வேண்டும்.

இருட்டில் ஒரு பெரிய நன்மை உண்டு. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது: நச்சு மிகுந்த அம்மோனியா, அவ்வளவாகக் கெடுதி செய்யாத அம்மோனியம். எது எவ்வளவு என்பதைப் பி.எச். தீர்மானிக்கிறது. 25 டிகிரியில், பி.எச். 7.2 என்றால் மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான் நச்சு வடிவம். 8.6 என்றால் 18 விழுக்காடு. தண்ணீர் இன்னும் சூடானால் இன்னும் கூடும். ஒளிச்சேர்க்கை நின்றுவிட்டதால் இருட்டில் பி.எச். பிற்பகலிலும் ஏறுவதில்லை. பாசி சாகும்போது வெளிவரும் அம்மோனியா பெரும்பாலும் பாதுகாப்பான வடிவத்திலேயே இருக்கும்.

இடையில் ஓர் இரவு, அறை விளக்குகளை அணைத்துவிட்டுத் துணியின் ஓரத்தைத் தூக்கிச் சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். பி.எச். 7.2. நச்சுப் பங்கு 0.005 அளவில் நின்றது. இதே 0.5 முன்பிருந்த பிற்பகல் பி.எச். அளவில் வந்திருந்தால் 0.09 ஆகியிருக்கும், 0.05ஐத் தாண்டினாலே செவுள் பாதிக்கப்படும் என்பது மீன் வளர்ப்பில் பரவலாகக் கொள்ளப்படும் எல்லை. அந்த இருட்டிலேயே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். சோடியம் தயோசல்பேட் கலந்து குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் இருந்த தண்ணீர். துணியை விலக்குவதற்கு முந்தைய இரவும் அதேபோல் மாற்றினேன். வெளிச்சம் திரும்பும்போது அம்மோனியா தண்ணீரில் காத்திருக்கக் கூடாது. மிஞ்சிய பாசிக்கு அதுதான் முதல் விருந்து.

திறந்தபோது தண்ணீர் சாம்பல் பச்சையாக மங்கியிருந்தது, அட்டையின் நான்காம் வரி தெரிந்தது. சரளையின் மேல் செத்த பாசி மெல்லிய வண்டலாகப் படிந்திருந்தது. அதைச் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்தோம். வடிகட்டியில் மெல்லிய செயற்கைப் பஞ்சை வைத்து ஒவ்வொரு நாளும் புதிதாக மாற்றினோம். செத்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதால் இப்போது பஞ்சில் நிற்கும். ஸ்பாஞ்சை மட்டும் குழாய்த் தண்ணீரில் காட்டவே இல்லை. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா குடியிருப்பது அதில்தான், அதைக் குளோரினுக்குப் பலிகொடுக்கக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து வைத்தோம்.

திரும்பி வந்த பச்சை

வாரம் திரும்புவதற்குள் அட்டையில் தெரிந்த வரிகள் மறுபடியும் மங்கத் தொடங்கின. இது எனக்கு வியப்பாக இல்லை. இருட்டு பாசியைக் குறைக்கிறது. பாசி வந்த காரணத்தை அது தொடுவதில்லை. தொட்டிக்குள் என்ன மாறியது என்று அக்காவிடம் கேட்டேன். புது மீன் இல்லை, புது விளக்கு இல்லை, உணவும் பழையதே. தொட்டிக்கு வெளியே என்ன மாறியது என்று கேட்டபோது அவர் சற்று யோசித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தின் கிளைகளை வெட்டியதைச் சொன்னார். பிற்பகலில் போய் நின்றேன். சாய்ந்த வெயில் ஜன்னல் வழியாக நேரே தொட்டியின் பக்கக் கண்ணாடியில் விழுந்தது. நேர் வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். விளக்கெரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான். அந்தக் கிளைகள் இருந்தவரை இதே உணவையும் இதே சரளையையும் தொட்டி பொறுத்துக்கொண்டது. வெயில் வந்ததும் பொறுக்க முடியவில்லை.

ஜன்னல் பக்கக் கண்ணாடியில் கருப்பு அட்டையை ஒட்டினோம். தொட்டி விளக்கை டைமரில் இணைத்து ஆறு மணி நேரமாகக் குறைத்தேன். தினமும் ஒரே நேரம் எரிவது முக்கியம். கையால் போட்டு அணைக்கும் விளக்கு எப்போதும் நினைத்ததைவிட அதிகமாகவே எரிகிறது.

அடுத்து சரளை. சைஃபன் குழாயை ஆழமாகச் செருகியதும் பழுப்புப் புகையாக வண்டல் எழுந்தது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த உணவுத் துணுக்கும் மீன் கழிவும். ஒரே நாளில் முழுவதையும் கிளறிவிட ஆசை வரும், செய்யக் கூடாது. சரளையிலும் நல்ல பாக்டீரியா இருக்கிறது; தவிர, மொத்தமாகக் கிளறினால் அம்மோனியா வெடித்துக் கிளம்பிப் பச்சை நீர் புதிதாகத் தொடங்கும். மூன்றில் ஒரு பகுதியாக, வாரத்துக்கு ஒரு பகுதி என்று செய்தோம். உணவை முன்பிருந்ததில் பாதியாக்கினோம். அக்கா மகள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கினாள், மீன்கள் கண்ணாடிக்கு வந்து கெஞ்சுகின்றன என்றாள். கப்பிகள் எப்போது பார்த்தாலும் கெஞ்சும். அவற்றின் வயிறு ஒடுங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்படி சொன்னேன், பார்த்தாள், ஒடுங்கவில்லை.

பாசியோடு போட்டியிட வேகமாக வளரும் செடிகள் வேண்டும். ஹார்ன்வொர்ட் கொத்துகளை மிதக்கவிட்டோம். அதற்கு வேர் இல்லை, உடலாலேயே அம்மோனியத்தை உறிஞ்சுகிறது. மேலே பரவி நிழலும் தருகிறது. பிறகு அதைக் கத்தரித்து வெளியே எறியும்போது, அந்தக் கைப்பிடிச் செடியோடு உணவிலிருந்து வந்த நைட்ரஜனும் வெளியேறிவிடுகிறது. தண்ணீர் மாற்றுவதைவிட இந்தக் கத்தரிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

புற ஊதா விளக்கு வடிகட்டி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிக் கடைசியில்தான் பொருத்தினேன். மிதக்கும் பாசிக்கு இதைவிட உறுதியான கருவி இல்லை. 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர் செல்லின் மரபுப்பொருளைச் சிதைத்து இனப்பெருக்கத்தை நிறுத்துகிறது. தண்ணீர் மெதுவாகப் போக வேண்டும், வேகமாகத் தள்ளினால் செல் தப்பிவிடும். குவார்ட்ஸ் குழாயில் படியும் வழுவழுப்பை அவ்வப்போது துடைக்க வேண்டும், அதற்கு முன் மின்சாரத்தைத் துண்டித்தாக வேண்டும். எரியும் விளக்கை நேரே பார்க்கவே கூடாது. இது உணவைக் குறைப்பதில்லை, கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டிய பாசியைத் தொடுவதுமில்லை. அதனால்தான் வெயிலையும் சரளையையும் சரிசெய்யாமல் இதை முதலிலேயே பொருத்த எனக்கு மனமில்லை. பொருத்திய சில நாட்களில் ஆறாம் வரி படிக்க முடிந்தது. விளக்கைக் கழற்றித் திருப்பிக் கொடுத்த பிறகும் ஆறாம் வரி தெரிகிறது. பிற்பகல் பி.எச். இப்போது 7.6ஐத் தாண்டுவதில்லை, நைட்ரேட் 15 காட்டுகிறது. முன்பைவிட அதிகமான அந்த எண்ணைப் பார்த்து அக்கா கலங்கினார். பாசிக்குள் மறைந்திருந்தது இப்போது வெளியே தெரிகிறது என்றதும் புரிந்துகொண்டார்.

மற்ற பாசிகள்

தண்ணீர் தெளிந்ததும் ஒட்டும் பாசிகள் கண்ணில் பட்டன. இலைகளின் மேல் பழுப்பு மெழுக்கு: சிலிக்காவால் ஓடு செய்துகொள்ளும் டையாட்டம்கள். விரலால் தேய்த்தாலே போய்விட்டது. முன்கண்ணாடியில் வட்ட வட்டமாகக் கெட்டியான பச்சைப் புள்ளிகள். அவற்றுக்குப் பழைய பிளேடுதான் சரி. அக்ரிலிக் தொட்டியாக இருந்தால் பிளேடு கீறிவிடும், பிளாஸ்டிக் அட்டையால் சுரண்ட வேண்டும். பின்கண்ணாடியில் இருப்பதை நத்தைகளுக்கென்று விட்டுவைத்திருக்கிறோம்.

வடிகட்டியின் வெளிவாயில் மட்டும் கருந்தாடிப் பாசி குச்சம் குச்சமாகப் பிடித்திருந்தது. கருப்பாகத் தெரிந்தாலும் அது சிவப்புப் பாசி இனம். அந்தக் குழாயைக் கழற்றி வெளியே எடுத்து, 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவிச் சில நிமிடங்கள் வைத்து, நன்றாக அலசிப் பொருத்தினேன். அடுத்த சில நாட்களில் குச்சங்கள் இளஞ்சிவப்பாக மாறின. பச்சையம் சிதைந்து உள்ளே இருந்த சிவப்பு நிறமி வெளியே தெரிவதால் வரும் நிறம் அது, பாசி சாகிறது என்பதற்கு அடையாளம். செத்ததைக் கப்பிகள் கொத்தித் தின்றன. வடிகட்டியின் மூலையில் ஒரு குச்சம் இன்னும் கருப்பாகவே இருக்கிறது. அடுத்த சரளைச் சுத்தத்தின்போது அதையும் கழற்றித் தடவ வேண்டும். ஹார்ன்வொர்ட் மேற்பரப்பில் பாதியை மூடிவிட்டால் டைமரை ஏழு மணி நேரமாக உயர்த்திப் பார்க்கலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அட்டையைப் பின்கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை.